வெளுப்பும் கூலியும்: சலவைத் தொழிலின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

தமிழரின் பண்பாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் நெசவு பற்றியும், ஆடை வகைகள் பற்றியும், ஆடை வணிகம் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின் நெய்த ஆடை உடுக்கத்தக்க ஆடையாகத் தொடர்ந்து இருப்பதற்குக் காரணமான உழைப்புப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆடை ஒருமுறை நெய்யப்படுகின்றது. பல நூறு முறை தோய்க்கப்படுகின்றது. நெய்தவன் உற்பத்தியாளன் எனப் பொருளியல் நூல்களில் இடம்பெறுகின்றான். தோய்ப்பவனோ, தோய்ப்பவளோ அவ்வாறு இடம்பெறுவதில்லை. வெள்ளை வேட்டி மதிப்பின் சின்னமாக விளங்கிய ஒரு சமுதாயத்தில், அந்த வெண்மையை உண்டாக்கிய கை மதிப்பற்றதாகக் கருதப்பட்டமை வெறும் முரண்நகையன்று. அது அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளை விளங்கிக்கொள்வதற்கான ஒரு திறவுகோலாகும்.

இல்லத்தில் இருந்தவாறே பிறர் ஆடையைத் தோய்த்து வாழ்க்கை நடத்துதல் உலகின் பல பாகங்களிலும் காணப்பட்ட தொழில். எனினும் அதன் சமூக வடிவம் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. ஓரிடத்தில் அது பிறப்பால் விதிக்கப்பட்ட குடிமையாயிற்று. பிறிதோரிடத்தில் விலை பேசத்தக்க கூலி உழைப்பாயிற்று. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, அதன் விளைவுகள் யாவை என்பனவற்றை, யாழ்ப்பாணத்துக் குடிமை முறையையும் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைமுறை ஒழிந்த பின்னர் நிகழ்ந்த சலவைப் பெண்களின் போராட்டங்களையும் அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரு சமுதாயங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு இருந்ததென்று கூறுவது எமது கருத்தன்று. ஒரே வகை உழைப்பு இருவேறு சமூக உறவுகளுக்குள் எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காண்பதற்கு இவ்வொப்பீடு உதவும் என்பதே எமது கருத்து.

2. பண்டை இலக்கியத்திற் சலவைப் பெண்

சங்கச் செய்யுட்களிலே ஆடை வெளுப்பவள் புலைத்தி என்னும் பெயராற் சுட்டப்படுகின்றாள். புறநானூற்றின் 311ஆம் செய்யுளில் அவள் களர் நிலத்திலே கிணறு தோண்டி நாள்தோறும் வீரனின் ஆடையை வெளுப்பவளாக வருகின்றாள். நற்றிணை 90, குறுந்தொகை 330, அகநானூறு 387 ஆகிய செய்யுட்களிலே ஆடைக்குக் கஞ்சிப் பசையூட்டும் செயல் பேசப்படுகின்றது. அகநானூற்றுச் செய்யுள் அவளுடைய நகங்களிற் படிந்த கறையையும், பசை ஒட்டிய விரல்களையும், உவரினாற் பாதிக்கப்பட்ட தலையையுடைய அவளுடைய பிள்ளைகளையுங்கூடக் குறிப்பிடுகின்றது. ஓர் உழைப்பாளியின் உடலிலே தொழில் பதித்த அடையாளங்களை இத்துணை நுட்பமாகக் கூறும் வரிகள் பழந்தமிழ் இலக்கியத்திற் பலவில்லை.

இச்செய்யுட்களிலிருந்து மூன்று செய்திகளை நாம் பெறலாம். முதலாவது, களர் நிலத்து நீரின் காரத்தன்மை அழுக்கை நீக்கும் என்ற அறிவு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நடைமுறையில் இருந்தது. இரண்டாவது, அரிசிக் கஞ்சி இட்டு ஆடையை விறைப்பாக்கும் முறையும் அன்றே அறியப்பட்டிருந்தது. மூன்றாவது, இங்கு உழைப்பவள் பெண். பிற்காலத்திலே தொழிலின் பெயர் ஆண்பாற் பெயராக மாறி, வண்ணான் என்றும் கட்டாடி என்றும் வழங்கலாயிற்று. பெண்ணின் உழைப்பு நிற்கவில்லை. பெயரிலிருந்து மட்டுமே அது மறைந்தது.

இடைக்காலத்துக்கு வரும்போது இத்தொழில் அரசின் வருவாய்க்குரிய ஒன்றாகவும் ஆகிவிட்டதைக் காண்கின்றோம். பல்லவர், சோழர் காலச் சாசனங்களிற் கூறப்படும் வரிகளுள் வண்ணாரப்பாறை என்பதும் ஒன்று. ஆடை அடிக்கும் கல்லே வரிக்குரிய பொருளாயிற்று என்பது கருதத்தக்கது. தட்டானும் குயவனும் தறியும் வரி செலுத்திய அதே பட்டியலில் வெளுப்போனின் பாறையும் இடம்பெறுகின்றது. எனவே அரசு இதனை உற்பத்தித் தொழிலாகவே கணக்கிட்டது. அதனைத் தாழ்வெனக் கருதிய சமூக மதிப்பீடு, அதிலிருந்து வருவாய் பெறுவதற்குத் தடையாக இருக்கவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத்தொண்டர் காஞ்சிபுரத்து வண்ணார். முதிய அடியார் உருவில் வந்த இறைவனின் கந்தையைப் பொழுது படுமுன் உலர்த்தித் தருவதாக வாக்களித்த அவர், மழை விடாது பெய்தமையால் வாக்குத் தவற நேர்ந்ததெனத் துயருற்றுத் தோய்க்கும் கல்லிலே தம் தலையை மோதப் புகுந்தார் என்பது வரலாறு. பக்தி இலக்கியம் என்ற வகையில் இதன் பொருள் வேறு. எனினும் சமூக வரலாற்றாசிரியனுக்கு இக்கதையிலே பிறிதொன்றும் புலப்படுகின்றது. வாடிக்கையாளர் குறித்த தவணை, வானத்தின் தயவு, தவறினால் முழுப் பொறுப்பும் தொழிலாளியின் தலைமீதே விழுதல் என்னும் இம்மூன்றும் இத்தொழிலின் அன்றாடச் சிக்கல்கள். அவற்றை நன்கறிந்த ஒரு சமுதாயத்திலன்றி இக்கதை இவ்வடிவில் உருவாகியிராது.

3. தொழில்நுட்பம்: அறிவா, வெறும் உடலுழைப்பா?

சலவை அறிவு வேண்டாத தொழில் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இது உண்மையன்று. கண்டி இராச்சியத்திலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே சிங்களச் சலவைக் குலத்தவரின் முறையை விவரித்துள்ளார். ஏழெட்டுக் கலன் நீர் கொள்ளும் பானையை அடுப்பில் ஏற்றி, காரமிட்ட அழுக்காடைகளை அதன்மேல் அடுக்கி, எழும் ஆவி ஆடைகளுக்குள்ளே புகுமாறு செய்து, பின்னர் ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்று பாறையில் அறைந்து வெளுப்பர் என்றும், அவ்வாறு அறைந்தும் ஆடை கிழிவதில்லை என்றும் அவர் வியந்து எழுதினார். தமிழர் வெள்ளாவி என வழங்குவதும் இம்முறையே.

இதன் அறிவியல் எளிதில் விளங்கத்தக்கது. உவர்மண்ணிலும் சாம்பலிலும் உள்ள காரம் துணியிற் படிந்த எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து, அதனை நீரிற் கரையத்தக்கதாக மாற்றுகின்றது. கொதிநீரில் நேரே இட்டாற் கீழுள்ள துணி கருகவும் சாயம் கலக்கவும் கூடும். ஆவியோ வெப்பத்தைச் சமமாகப் பரப்புகின்றது. குருதிக் கறை படிந்த துணியை முதலிற் குளிர்ந்த நீரிலேயே அலசுதல் வேண்டும். சூடு பட்டாற் குருதியின் புரதம் உறைந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சட் கறை காரம் பட்டவுடன் சிவக்கும். ஆனால் வெயிலிற் காயவிட்டாற் படிப்படியாக மங்கும். ஆகவே எந்தத் துணியை எதன் பின்னர் எதனில் இடுவது என்ற வரிசை ஒழுங்கே இத்தொழிலின் உயிர்நிலை. இவ்வரிசை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பிக்கப்படவில்லை. தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் கைவழியே வந்தது.

இவற்றோடு குறியிடும் முறையையும் எண்ணுதல் வேண்டும். சேங்கொட்டையின் சாறு துணியிற் பட்டு, சுண்ணாம்போடு சேரும்போது கருமையாகி அழியாது நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி; புள்ளிகளும் கோடுகளுமாக அமைந்த அக்குறிகளைக் கொண்டு பல வீட்டுத் துணிகளை ஒரே வெள்ளாவியில் இட்டு மாறாமற் பிரித்துக் கொடுத்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் தமக்கெனக் கண்ட ஒரு பதிவு முறை இது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அக்குறிகள் துணியைக் கணக்கிட்டன. அத்துணியைத் தோய்க்கச் செலவான உழைப்பைக் கணக்கிடும் குறி எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. இருக்க விடப்படவில்லை என்பதே பொருத்தமாகும்.

ஐரோப்பாவிலும் புதிய துணியை வெளுத்தல் நீண்டகாலத் தொழிலாகவே இருந்தது. புல்வெளியிலே துணியை விரித்து, கார நீரும் வெயிலும் மாறி மாறிப் படச் செய்து, மாதக்கணக்கிற் காத்திருந்தனர். 1785இல் பேர்த்தொலே குளோரினின் வெளுக்கும் ஆற்றலை எடுத்துக்காட்டியதும், 1799இல் ரெனன்ற் வெளுக்கும் தூளைச் செய்ததும் அந்நிலையை மாற்றின. கைத்தொழிற் புரட்சியின் நெசவு யந்திரங்கள் துப்பிய துணியை வெளுக்கப் பழைய முறைகள் போதா என்ற தேவையே இக்கண்டுபிடிப்புகளுக்கு உந்துதலாயிற்று. இந்தியக் கரையோரத்திலே கிழக்கிந்தியக் கம்பனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பகுதியே சென்னையின் வண்ணாரப்பேட்டை. ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பப்பட்ட துணியின் விலையிலே இவர்களுடைய உழைப்பும் அடங்கியிருந்தது என்பதை வணிக வரலாறுகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

4. யாழ்ப்பாணத்துக் குடிமை

யாழ்ப்பாணத்து நிலமானிய அமைப்பிலே தொழிற் சாதிகள் அடிமை, குடிமை என்னும் இரு வகைப்பட்ட கட்டுக்களுக்குள் அடங்கின. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1706–1707 காலப்பகுதியில் கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்த தேசவழமை அடிமைகள் பற்றி விதிகள் கூறுகின்றது. வண்ணாரும் அம்பட்டரும் அத்தகைய அடிமைகளாகவன்றி, குடிமைகளாகவே கருதப்பட்டனர். அதாவது, அவர்களை விற்கவோ வாங்கவோ இயலாது. ஆனால் அவர்கள் சேவை செய்யும் வீடுகள் பரம்பரையாக விதிக்கப்பட்டிருந்தன. நிலவுடைமைக் குடும்பம் ஒன்றுக்கு இன்ன கட்டாடி என்பது பிறப்போடு தீர்மானிக்கப்பட்டது.

ஊதியம் உருப்படிக்கு இவ்வளவு என்று அமையவில்லை. அறுவடையின்போது நெல்லும், நன்மை தின்மைகளின்போது அரிசி, துணி, சிறுதொகைப் பணம் என்பனவும் வழங்கப்பட்டன. ஒரு வீட்டில் ஐவர் இருந்தாலும் பதின்மர் இருந்தாலும் தோய்க்கும் உழைப்புக் கூடுமேயன்றி, ஊதியம் அவ்வளவுக்குக் கூடுவதில்லை. தருவது கூலியன்று, கொடை. பெறுவது உரிமையன்று, தயவு என்னும் கருத்து அம்முறையிலேயே பொதிந்திருந்தது.

மேலும், கட்டாடியின் கடமை ஆடை வெளுத்தலோடு முடியவில்லை. திருமணத்தின்போது பந்தலுக்கு வெள்ளை கட்டுதல், நடப்பதற்கு நிலபாவாடை விரித்தல், மரண வீட்டுக்குரிய துணிகளை அளித்தல், பூப்பு, மாதவிடாய், மகப்பேறு ஆகிய துடக்குக் காலங்களிலே பெண்களுக்கு மாற்றுத்துணி கொடுத்தல் என்பன எல்லாம் அக்கடமையுள் அடங்கின. துடக்கு நீங்கி ஒரு வீடு தூய்மையடைவதற்குக் கட்டாடி வீட்டுத் துணி இன்றியமையாததாகக் கருதப்பட்டது. தூய்மையை வழங்குபவர் அத்தூய்மைக்குப் புறம்பானவராக ஒதுக்கப்பட்டதன் பொருள் இங்கேதான் தெளிவாகின்றது. பிறரின் துடக்கைத் தம் கையில் ஏற்பதே அவர்களுடைய தொழில். ஆகவே அது அவர்களிடமே தங்கிவிடுகின்றது என்று கருத்தமைக்கப்பட்டது. சுரண்டலுக்குச் சமயம் அளித்த விளக்கம் இது. பூப்பு வீட்டுக்கும் மகப்பேற்று வீட்டுக்கும் சென்று அத்துணிகளைக் கையேற்றவர்கள் பெரும்பாலும் கட்டாடி குலப் பெண்களே. எனவே இம்முறையின் மிகக் கடினமான பாகத்தைச் சுமந்தவர்கள் பெண்கள் எனலாம்.

ஊர்க்கட்டுப்பாட்டின் கருவியாகவும் இச்சேவை பயன்பட்டது. ஊர் வழக்கத்தை மீறிய குடும்பத்துக்கு வண்ணாரையும் அம்பட்டரையும் மறித்துவிடுதல் பழைய தண்டனை முறை. அவர்களின்றித் திருமணமும் மரணச் சடங்கும் நடவா. சேவைக் குலத்தவரின் உழைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை இத்தண்டனையே ஒப்புக்கொள்கின்றது. ஆயின் அந்த உழைப்பை நிறுத்தும் அதிகாரம் உழைப்போரிடம் இருக்கவில்லை. ஊர் அதிகாரிகளிடமே இருந்தது. வேலைநிறுத்தம் என்னும் ஆயுதம் அங்கு இருந்தது. அது தொழிலாளியின் கையில் இருக்கவில்லை.

ஒடுக்கப்பட்டோருள்ளும் படிநிலை இருந்தது. உயர்சாதியாருக்குத் தோய்ப்போர் தாழ்த்தப்பட்டோருக்குத் தோய்க்கலாகாது என்ற விதியினால், தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தோய்ப்பதற்கெனத் துரும்பர் என்னும் பிரிவினர் தனியே ஒதுக்கப்பட்டனர். தமிழகத்தின் திருநெல்வேலி மாவட்டத்திலே இத்தகைய ஒரு பிரிவினர், பிறர் கண்ணிற் படலாகாது என்பதற்காக நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலேயே வேலை செய்தனர் என்ற செய்தி 1932 டிசம்பரிலே செய்தித்தாளில் வெளிவந்தது. ஹட்டனின் சாதி பற்றிய நூலிலும் அது இடம்பெற்றது. வெயிலின்றி வெளுக்க முடியாத ஒரு தொழிலைச் செய்வோர் வெயிலிற் தோன்றலாகாது என விதித்த அமைப்பின் கொடுமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

5. அமெரிக்கத் தென் மாநிலங்கள்: விலை பேசிய கைகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலையே. எனினும் அவ்வேலைகளுள் அவர்களிற் பலர் சலவையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சமையற்காரியும் பிள்ளை வளர்ப்பவளும் எசமானின் கூரையின் கீழ் அவனது கண்காணிப்பில் உழைத்தனர். சலவைப் பெண்ணோ வார ஆரம்பத்தில் அழுக்குத் துணிகளைக் கொண்டுவந்து, தன் வீட்டு முற்றத்திலே தோய்த்து, வார இறுதியிலே ஒப்படைத்தாள். தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், அயற்பெண்களோடு கூடி உழைக்கவும் அவளால் முடிந்தது. வேலை கடினமானதே. நீர் சுமத்தல், பீப்பாயை இரண்டாக அறுத்துச் செய்த தொட்டிகளிலே தோய்த்தல், வீட்டிற் காய்ச்சிய காரச் சவர்க்காரம், தவிட்டிலிருந்து எடுத்த பசை, அடுப்பிற் காய்ச்சிய இரும்பினால் அழுத்துதல் என அது நீண்டது. ஆனால் அந்த வேலையின் நேரமும் இடமும் அவளுடையவை.

1866 ஜூன் மாதத்தில், விடுதலை கிடைத்து ஓராண்டே கடந்த நிலையில், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரின் சலவைப் பெண்கள் நகர மேயருக்கு ஒரு மனு அனுப்பினர். நாளொன்றுக்கு 1.50 டொலர், குடும்பத் துணிக்கு மாதம் 15 டொலர், தனியாளுக்கு மாதம் 10 டொலர் என ஒரே சீரான விலையை அவர்கள் அறிவித்தனர். அம்மாநிலத்தின் முதலாவது தொழிலாளர் அமைப்பாக வரலாற்றாசிரியர்கள் இதனையே குறிப்பிடுவர். 1877இல் ரெக்சாஸ் மாநிலத்து கல்வெஸ்ரன் நகரிலும் சலவைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அங்கு அவர்களின் சினம் நீராவிச் சலவை நிலையத்தின் மீது மட்டுமன்றிச் சீனச் சலவைத் தொழிலாளர் மீதும் திரும்பிற்று. ஒடுக்கப்பட்டோர் ஒருவரையொருவர் எதிரியாகக் காணும் இடர் எந்த நாட்டுக்கும் புறம்பானதன்று.

இவற்றுள் முக்கியமானது ஜோர்ஜியா மாநிலத்து அற்லாண்டா நகரில் 1881இல் நிகழ்ந்த போராட்டமாகும். வரலாற்றாசிரியர் தேரா ஹன்ரர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. அக்காலத்தில் அந்நகரின் சலவைப் பெண் ஒருத்தி மாதம் 4 முதல் 8 டொலர் வரையே பெற்றாள். 1881 ஜூலையில் ஏறத்தாழ இருபது பெண்கள் ஒரு தேவாலயத்திற் கூடிச் சலவைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பன்னிரண்டு இறாத்தல் துணிக்கு ஒரு டொலர் என்பதே அவர்களின் கோரிக்கை. வீடு வீடாகச் சென்று அவர்கள் ஆள் திரட்டினர். மூன்று வாரங்களுக்குள் சங்கம் மூவாயிரம் பேரைக் கொண்டதாயிற்று. சிறுதொகையினரான வெள்ளைச் சலவைப் பெண்களும் அதிற் சேர்ந்தனர்.

ஆளுவோர் கைதுகளாலும் தண்டப் பணத்தாலும் அதனை முறியடிக்க முயன்றனர். பின்னர், சலவைச் சங்கத்தைச் சேர்ந்தோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டொலர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற யோசனை நகர சபைக்கு வந்தது. மாதம் 4 டொலர் பெறுபவளுக்கு அது ஆறு மாதத்துக்கும் மேற்பட்ட வருவாய். அதற்குப் பெண்கள் அளித்த விடை குறிப்பிடத்தக்கது. 25 டொலரோ 50 டொலரோ கட்டத் தயார். ஆனால் நகரின் சலவை முழுவதும் எமது கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் என்ற கருத்துப்பட அவர்கள் மேயருக்கு எழுதினர். தண்டனையாக வந்த வரியை உரிமைச் சாசனமாக அவர்கள் மாற்றிவிட்டனர். ஆகஸ்ட் மாதத்தில் நகர சபை அக்கட்டண யோசனையைக் கைவிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அந்நகரிலே சர்வதேசப் பருத்திக் கண்காட்சி ஒன்று தொடங்க இருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. புதிய கைத்தொழில் நகரம் என உலகுக்குத் தன்னைக் காட்ட முனைந்த அற்லாண்டாவின் வெள்ளைச் சட்டைகள் அப்பெண்களின் தொட்டிகளிலேயே தங்கியிருந்தன.

6. ஒப்பீடு

இரு நிலைமைகளிலும் உழைப்பின் இயல்பு ஒன்றே. உழைப்போர் சமூகத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்டமையும் ஒன்றே. வேறுபாடு எங்கே உள்ளது?

முதலாவது, அளவுகோல். அற்லாண்டாப் பெண்கள் துணியை நிறுத்து, எடைக்கு விலை கேட்டனர். அளவு வந்தவுடன் உழைப்புக் கணக்குக்கு வருகின்றது. கணக்கு வந்தவுடன் குறைவு எவ்வளவு என்பது புலப்படுகின்றது. குடிமை முறையிலே அளவுகோல் இல்லை. ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அறுவடையிற் கிடைத்த நெல் கூடியதா குறைந்ததா என்று கேட்கவே இயலாதவாறு கொடையென்னும் போர்வை அதனை மூடியிருந்தது.

இரண்டாவது, வாடிக்கை. விடுதலை பெற்ற பெண் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டை நாடலாம். கட்டாடிக்கு அது இயலாது. அவர் விட்ட வீட்டை ஏற்க இன்னொரு கட்டாடிக்கு உரிமையில்லை. அவரை ஏற்க இன்னொரு வீட்டுக்கும் உரிமையில்லை. போட்டி இல்லாத இடத்திலே பாதுகாப்பும் இருந்தது என்று சிலர் வாதிடுவர். பஞ்ச காலத்திலும் ஒரு பிடி நெல் கிடைக்கும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அப்பாதுகாப்புக்குக் கொடுத்த விலை, மறுக்கும் உரிமை.

மூன்றாவது, கூடுமிடம். அற்லாண்டாவில் தேவாலயமும் அயல் முற்றங்களும் பெண்களை ஒன்றுசேர்த்தன. யாழ்ப்பாணத்திலே ஒவ்வொரு கட்டாடி குடும்பமும் ஒவ்வொரு நிலவுடைமைக் குடும்பத் தொகுதியோடு செங்குத்தாகப் பிணைக்கப்பட்டிருந்தது. தன்னையொத்தவரோடு கிடையாக இணையும் வாய்ப்பு அதனால் அருகிற்று. இம்மூன்று வேறுபாடுகளையும் உண்டாக்கியது தேசிய குணமோ பண்பாட்டு மேன்மையோ அன்று. உற்பத்தி உறவின் அமைப்பேயாகும். கறுப்பினப் பெண்களும் 1865க்கு முன்னர் விலை பேச இயலாதவர்களாகவே இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

7. குடிமையின் தளர்வும் இயந்திரத்தின் வருகையும்

யாழ்ப்பாணத்திலே குடிமை முறை ஒரே நாளில் உடைந்துவிடவில்லை. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமை நீடித்தது. அது சட்டத்திலன்றி வழக்கத்திலே வேரூன்றியிருந்தது. பணப் பொருளாதாரம் பரவியமை, 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை, 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைத் தொடர்ந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்கள் என்பன சேர்ந்தே அதனைத் தளர்த்தின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வெளிவந்தபோது இம்மாற்றத்தின் வேதனைகள் இலக்கியப் பொருளாயின.

சந்தையும் தன் பங்கைச் செய்தது. சன்லைற் சவர்க்காரம் 1884இல் இங்கிலாந்திற் சந்தைக்கு வந்தது. லீவர் நிறுவனம் 1938இல் இலங்கையிலேயே உற்பத்தியைத் தொடங்கிற்று. 1820களின் இறுதியில் பிரான்சிலே செயற்கை முறையிற் செய்யப்பட்ட நீலமும், தொழிற்சாலைச் சோடாவும் காலப்போக்கிற் கிராமக் கடைகளுக்கு வந்தன. உவர்மண்ணும் வெள்ளாவியும் அறிந்த ஒரு குலத்தின் கைத்திறனாக இருந்த வெளுப்பு, காசு கொடுத்து வாங்கும் கட்டியாக எவர் கைக்கும் எட்டிற்று. அன்றாடத் துணிகளை வீட்டுப் பெண்களே கிணற்றடியில் தோய்க்கலாயினர். இதன் விளைவு இருமுகப்பட்டது. ஒருபுறம், குடிமையின் பொருளாதார அடித்தளம் சுருங்கிற்று. மறுபுறம், சடங்குக் கடமைகள் அதே வேகத்திற் சுருங்கவில்லை. வருவாய் தரும் பாகம் போக, இழிவு தரும் பாகம் எஞ்சியது எனலாம். நகர்ப்புறத்திலே சலவைக் கடை வைத்து, சிரட்டைக் கரிப் பெட்டியால் அழுத்தி, உருப்படிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியவர்கள் இச்சிக்கலுக்குத் தாமே ஒரு விடை கண்டவர்கள். அந்த விலைப்பலகை சிறிய பொருள்தான். ஆனால் நெல்லுக்குப் பதில் காசும், கொடைக்குப் பதில் விலையும் வந்தன என்பதை அது பகிரங்கமாக அறிவித்தது. கடைக்கு வருபவர் எவராயினும் அவர் துணியை ஏற்கலாம் என்பதையும் அது அறிவித்தது.

சலவை இயந்திரம் இவ்வுழைப்பை ஒழித்துவிட்டது என்பர். றூத் ஷ்வாற்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் அமெரிக்க நிலைமையை ஆராய்ந்து, வேறொரு முடிவுக்கு வந்தார். வெளியே கொடுத்துத் தோய்ப்பித்த வேலையை இயந்திரம் மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. துணியை அடிக்கடி மாற்றும் வழக்கத்தையும் வளர்த்தது. அதனால் இல்லத்தரசியின் வேலை எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்பது அவர் வாதம். கூலி பெற்ற உழைப்பு கூலியற்ற உழைப்பாக மாறியது. அதைச் செய்தவள் இன்னொரு பெண்.

8. முடிவுரை

இல்லத்திலிருந்து செய்யும் உழைப்புக்குரிய சர்வதேச உடன்படிக்கை 1996இலும், வீட்டுப் பணியாளருக்குரியது 2011இலும் சர்வதேசத் தொழில் நிறுவனத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஜாக்சன் நகரத்துப் பெண்கள் தமது விலைப்பட்டியலை எழுதி நூற்று முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரே முதலாவது உடன்படிக்கை வந்தது. வீட்டுக்குள் நிகழும் உழைப்பு உழைப்பே என்பதை ஏற்க உலகம் எடுத்துக்கொண்ட காலம் அத்துணை நீண்டது.

இன்று அயல் வீட்டுத் துணியை வாங்கித் தோய்த்து அழுத்திக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எமது ஊர்களிலும் உளர். நீர், சவர்க்காரம், மின்சாரம், நேரம் என்பவற்றைக் கூட்டி, அதன் மேல் தன் உழைப்பின் விலையையும் வைத்துக் கேட்கும்போது, தெரிந்தவர்களிடம் இவ்வளவு கேட்கலாமா என்ற குரல் எழுவதுண்டு. அக்குரல் புதியதன்று. கொடையைக் கூலியென்று சொல்லவிடாத பழைய குடிமையின் எதிரொலியே அது. நன்றாகத் தோய்க்கும் திறனை எம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளாகப் பேணி வந்துள்ளனர். அத்திறனுக்கு விலை சொல்லும் உரிமையே பின்தங்கி வந்தது.

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை எழுதுவோர் முன் உள்ள கடமை ஒன்றை ஈண்டுச் சுட்டி அமைவோம். நிலத்துக்குத் தோம்பு உண்டு. கோயிலுக்குச் சாசனம் உண்டு. வெள்ளாவியின் வரிசை முறையும், சேங்கொட்டைக் குறிகளும், துடக்கு வீடுகளிலிருந்து துணி சுமந்த பெண்களின் நினைவுகளும் எந்தத் தோம்பிலும் இல்லை. அவற்றை அறிந்த முதியோரிடமே உள்ளன. அவர்களின் வழித்தோன்றல்கள் பலர் அத்தொழிலையும் அதன் பெயரையும் விட்டு நீங்கியுள்ளனர். அவ்வாறு நீங்குதல் அவர்களுடைய உரிமை. ஆகவே அவர்களை மீண்டும் அப்பெயருக்குள் அடைக்காமல், அவர்கள் விரும்பிச் சொல்வதை மட்டும், ஓர் அறிவு மரபின் வரலாறாகவும் ஓர் உழைப்பின் கணக்காகவும் பதிவு செய்தல் வேண்டும். வெண்மையைப் போற்றிய சமுதாயம் அதற்குரிய கூலியை இன்னும் முழுதாகக் கொடுத்துத் தீர்க்கவில்லை. அக்கணக்கை எழுதி வைப்பதாவது வரலாற்று மாணவரின் பொறுப்பாகும்.